குடிக்காமல் சேமித்த தண்ணீர்



போளூரிலிருந்து எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள். வாரா வாரம் இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பேன். பிடித்ததைக் கத்தரித்துக் கோல நோட்டுக்குள் வைத்துக்கொள்வேன். நானே ஒரு நாள் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. போன மார்கழிக்கு முதல் நாள் எனக்கு நேர்ந்ததை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என் மாமியாருக்கே அலுத்துவிட்டது. "எங்ககிட்ட சொன்னது போதும், பேப்பருக்கு எழுதிப் போடு" என்றார். எழுதிவிட்டேன்.

எங்கள் ஊர் வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு நடந்து போகிறவர்கள், பௌர்ணமிக்கு நடந்து போகிறவர்கள் என்று கூட்டம் கூட்டமாக எங்கள் ஊரைத் தாண்டிப் போவார்கள். நாங்களும் வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் சொம்பும் வைப்போம். மோர் கரைத்துக் கொடுத்த வருஷமும் உண்டு. ஆம்பிளைகள் சொம்பைக் காலி செய்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்பார்கள். பெண்கள் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "போதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

என் அக்காவை ஆரணியில் கொடுத்திருக்கிறது. பட்டு நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டிலும் தறிதான். என் வீட்டுக்காரர் ஆரணி முதலாளி ஒருவரிடம் பட்டு வாங்கி வந்து கூலிக்கு நெய்கிறார். தார் சுற்றுவது என் வேலை. (ஊடைக்குப் போடுகிற பட்டு நூலை ராட்டையில் வைத்துக் குச்சியில் சுற்றுவதுதான் தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.) நான் ஒரு நாள் ராட்டையை விட்டால் மறுநாள் தறி நிற்கும். கல்யாணம் ஆகி பதினேழு வருஷத்தில் பிரசவத்துக்குப் போனதைத் தவிர, மூன்று நாள் சேர்ந்தாற்போல் நான் வீட்டை விட்டு வெளியே இருந்ததில்லை.

அக்காவின் மாமியாரை நாங்கள் பெரியம்மா என்போம். அவர் தலைமையில் ஆரணியிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வருஷா வருஷம் பர்வதமலைக்கு நடக்கிறார்கள். முதல் நாள் ஆரணியில் கிளம்பி, களம்பூர் வழியாக இருட்டுவதற்குள் போளூர். எங்கள் வீட்டில் ராத்தங்கல். போளூர் கடைத்தெருவில் வழிக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, மறுநாள் செங்கம் ரோட்டில் நடந்து தென்மாதிமங்கலம். அன்றைக்குக் கார்த்திகை கடைசி. விடிந்தால் மார்கழி ஒன்று. அன்று பர்வதமலையைச் சுற்றிக் கிரிவலம்.

மலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. உயரம் 4,560 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும் இருக்கிறார்கள். மேலே போகப் போக நெட்டுக்குத்தான பாறை. பாறையில் அடித்த கடப்பாறைகளைப் பிடித்து ஏறுகிற இடம் ஒன்று உண்டு, பேரே கடப்பாறை நெட்டு. பெரியம்மா கூட்டம் முன்பெல்லாம் ஏறியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் மலையிலிருந்து இறங்கி வரும்போது ஓடையில் திடீர் வெள்ளம் வந்து சென்னைப் பெண்கள் இரண்டு பேர் அடித்துக்கொண்டு போய் இறந்தார்கள். அதைக் கேட்ட பிறகு மலை ஏறுகிற பேச்சை விட்டுவிட்டார்கள். சுற்றுவது மட்டும்தான்.

இந்தத் தடவை அக்கா போனில், "நீயும் வாயேன்டி, எத்தினி வருஷம்தான் எங்களுக்கு இட்லி சுட்டுப் போட்டு வழியனுப்புவே?" என்றாள். வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "மூணு நாள் தறி நின்னா யாரு கூலி குடுப்பாங்க?" என்றார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மாமியார்தான், "நான் சுத்தறேன், போய்ட்டு வரட்டும்" என்றார். அவருக்குக் கண் புரை. பட்டு நூல் அறுந்தால் முனை தெரியாது. அதனால் ஒரு வாரம் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து, மூன்று நாளைக்கு வேண்டிய தாரைச் சுற்றி டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டேன். தறிக்கு வேண்டியதைச் சரியாகக் கணக்குப் போட்டேன். என் உடம்புக்கு வேண்டியதை எப்படிக் கணக்குப் போட்டேன் என்பதுதான் இனி கதை.

அவர்கள் வந்து சேர்ந்த சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனோம். உள்ளூர்க்காரி நான்தானே, வாங்குகிற பொறுப்பை எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போடுகிற மாதிரி லிஸ்ட். புளிசாதம் கிளற புளி, நல்லெண்ணெய், மிளகாய். மல்லாட்டை ஒரு கிலோ வறுக்க. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர்.) பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். தென்மாதிமங்கலத்தில் பொங்கல் வைக்கப் பச்சரிசி இரண்டு கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ. நார்த்தங்காய் ஊறுகாய் வீட்டிலேயே இருந்தது, கண்ணாடி பாட்டில். அப்புறம் எவர்சில்வர் பாத்திரம், கரண்டி, இரண்டு புடவை, போர்வை, துண்டு, சோப்பு. எல்லாவற்றையும் என் மகனின் பழைய ஸ்கூல் பையிலும் ஒரு கட்டைப்பையிலுமாக அடைத்தேன். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைத் தெருமுனை அரிசிக் கடைக்குக் கூட்டிப் போய், தராசில் வைக்கச் சொன்னார். பதினொரு கிலோ இருநூறு!

பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. அவர் பையை வைத்தோம். நாலு கிலோகூட இல்லை. ஒரு புடவை, ஒரு துண்டு, ஒரு மெல்லிசு போர்வை, அவல், வெல்லம், நாலு எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் உப்பு, இரண்டு காலி பாட்டில். அவ்வளவுதான்.

"நீ சமையல்கட்டையே தூக்கிக்கினு வரியா? கடையில வாங்க வேண்டியது ரெண்டு வேளைக்கிதான் கண்ணு. மூணாவது வேளைக்கி வழியிலயும் மனுஷங்க இருக்காங்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு குறைந்துவிட்டால் பேச்சு யாருக்கு வரும்? வீட்டில் யாரும் பசியோடு எழுந்திருக்கக் கூடாது என்று பதினேழு வருஷம் பழகின கை, பையில் இருந்து ஒரு சாமானையும் எடுக்க விடவில்லை. பச்சரிசியை எடுத்துத் திரும்ப வைத்தேன். கரண்டியை எடுத்தேன், அதையும் திரும்ப வைத்தேன். தண்ணீர் மட்டும் ஒரே ஒரு லிட்டர் பாட்டில். அது போதும் என்று தோன்றியது. ஏன் போதும் என்று தோன்றியது என்று பிறகு சொல்கிறேன்.

ராத்திரி சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் பத்தாவது படிக்கிற என் மகன், "எம்மா, நீ போற மலை எங்க தமிழ் புக்ல வருதும்மா" என்று தூக்கிக்கொண்டு வந்தான். மலைபடுகடாம் என்று சங்க காலத்துப் பாட்டு. 583 அடியாம். எழுதியவர் பெருங்கௌசிகனார். செங்கத்தை ஆண்ட நன்னன் என்கிற ராஜாவிடம் பரிசு வாங்கி வந்த கூத்தர்கள், எதிரில் வருகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. எந்த ஊரில் என்ன சாப்பாடு போடுவார்கள், எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறதாம். அதில் வருகிற நவிரமலைதான் நம் பர்வதமலை என்று வாத்தியார் சொன்னாராம். அந்தக் கூட்டத்தில் ஆடுகிற பெண்களும் நடந்தார்களாம், விறலியர் என்று பெயர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பெண்கள் மூட்டை முடிச்சோடு நம் செங்கம் பக்கம் நடந்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று சொன்ன புலவர், அந்தப் பெண்கள் எங்கே ஒதுங்குவது என்றும் சொல்லியிருக்கிறாரா என்று மகனைக் கேட்டேன். "ச்சீ போம்மா" என்று ஓடிவிட்டான்.

விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் மறுநாள் எங்கள் பாட்டை எல்லாம் தீர்மானித்தது அந்தக் கேள்விதான்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தோம். ஒரே கழிப்பறை, பதிமூன்று பெண்கள். வரிசை. காபி போட்டேன். எல்லாரும் அரை டம்ளர் வாங்கினார்கள், அதிலும் பாதியை வைத்துவிட்டார்கள். அக்கா என் காதோடு, "நிறைய குடிக்காதடி, வழியில எங்க போவே?" என்றாள்.

சகோதரிகளே, இது எனக்குப் புதுசில்லை. உங்களில் யாருக்கும் புதுசாக இருக்காது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் பக்கம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போவேன். அதற்காகவே தண்ணீர் பாட்டில் கொண்டுபோக மாட்டேன். பஸ்ஸில் போனாலும் அப்படித்தான், கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் அப்படித்தான். குடிக்காமல் இருப்பது ஒரு சாமர்த்தியம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீர்க்கடுப்பு வந்து, ஜுரம் நூற்றிரண்டு வரைக்கும் ஏறி, ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். "தண்ணி குடிக்கறதே இல்லையாம்மா? அடக்கி அடக்கி வெச்சா கிட்னி வரைக்கும் போகும்" என்று டாக்டரம்மா திட்டினார்கள். ஒரு மாசம் ஒழுங்காகக் குடித்தேன். அப்புறம் பழைய குருடிதான்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். நல்ல பனி. வண்டிகள் எதிரே வருவது தெரிகிற மாதிரி ரோட்டின் வலது பக்கமாகவே ஒருவர் பின்னால் ஒருவராக நடக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் சட்டம். முன்னால் ஒரு டார்ச், கடைசியில் ஒரு டார்ச். முதுகில் வெள்ளைத் துண்டு. இருட்டில் நடக்கிறவர்களுக்கு நானும் இதைச் சிபாரிசு செய்கிறேன். லாரிக்காரர்கள் தூரத்திலேயே ஒதுங்கிப் போனார்கள்.

விடிவதற்கு முன்னாலேயே மற்றவர்கள் பனை மர மறைவில், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். பழகினவர்கள். எனக்குப் பாம்பு பயம், அதைவிட வெட்கம். "எனக்கு வரல" என்றேன். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்துவிட்டது. அதோடு வாசல் மூடின மாதிரிதான். ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, பூட்டியிருந்தது. ஒரு பெட்ரோல் பங்கில் போய்ப் பார்த்தோம். கழிப்பறை இருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. வாசலில் நாலு பையன்கள் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். திரும்பி வந்துவிட்டோம்.

எட்டு மணிக்கு ஒரு புளிய மரத்தடியில் இட்லி. பொடியில் நல்லெண்ணெய் குழைத்து வாழை இலையில் கட்டியது, ருசிக்குக் குறைவில்லை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். காரப் பொடிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் குடித்தேன் தெரியுமா? ஒரே மடக்கு. வாயை நனைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மார்கழிப் பனி, வெயில் உறைக்கவில்லை, தாகமும் தெரியவில்லை. பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. இன்னும் முக்கால் பாட்டிலுக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்று சந்தோஷம் வேறு!

பத்து மணி சுமாருக்கு ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல் வந்தது. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்கப் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி வைத்து, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். என் பையை அதன் மேல் சாத்திவிட்டு நின்றேன். தோள் இரண்டிலும் பட்டை அழுத்தி ரத்தம் கட்டியிருந்தது. பெரியம்மா அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்களுக்காக வைக்கிற கல் இது என்றார். இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாள் என்று, அவள் பேரில் ஊராருக்குச் சுமை இறக்க ஒரு இடம். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்போதாவது பச்சரிசியை யாருக்காவது கொடுத்திருக்கலாம். செய்யவில்லை.

நடக்கும்போது களைப்புத் தெரியாமல் இருக்கப் பெரியம்மா கதை சொல்லிக்கொண்டே வருவார். அன்றைக்குச் செய்யாற்றின் கதை. பார்வதி அம்மன் காஞ்சிபுரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தே வந்தாளாம். வழியில் எங்கள் ஆரணிப் பக்கத்து வாழைப்பந்தலில் தங்கி, வாழை மரத்தால் பந்தல் போட்டு, மணலில் லிங்கம் பிடித்தாளாம். பூஜைக்குத் தண்ணீர் இல்லை. பிள்ளைகளைக் கேட்டாளாம். முருகன் ஜவ்வாது மலையைப் பார்த்து வேலை வீச, அங்கிருந்து புறப்பட்டு வந்ததாம் ஆறு. சேய் கொண்டுவந்த ஆறு, அதனால் சேயாறு, செய்யாறு. அந்த வேலால் வந்த தோஷம் நீங்கத்தான் ஆற்றங்கரையில் ஏழு கரைகண்டேஸ்வரர் கோயில்கள், இந்தப் பக்கம் கடலாடியில் ஒன்று.  நடந்து வந்த அம்மாவுக்குப் பிள்ளை ஒரு ஆற்றையே கொண்டுவந்து விட்டான். நான் கையில் இருக்கிற பாட்டிலைத் திறக்காமல் நடக்கிறேன். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது கதை காதில் சரியாக விழவே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொட்டுக்குப் பொட்டு தெறிக்கிற மாதிரி தலைவலி. கண் முன்னால் சின்னச் சின்னப் பூச்சி பறந்தது.

பதினொன்றரை இருக்கும். "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ரோட்டோர மண்ணில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டைப்பை கவிழ்ந்து, ஊறுகாய் பாட்டில் உடைந்து, புடவையெல்லாம் நார்த்தங்காய் எண்ணெய். அக்கா அழுதுகொண்டே என் கன்னத்தைத் தட்டுகிறாள். வீட்டுக்காரருக்குப் போன் போடு என்று ஒருத்தி, வேண்டாம் பயந்துடுவார் என்று ஒருத்தி.

பெரியம்மா பதறவில்லை. நிழலில் படுக்க வைத்து, காலைப் பையின் மேல் தூக்கி வைத்தார். (அந்தப் பதினொரு கிலோவுக்கு அதுதான் ஒரே உபயோகம்.) நினைவு நன்றாகத் தெளிந்த பிறகு, பாட்டில் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, வெல்லமும் துளி உப்பும் போட்டு, மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். மடமடவென்று கேட்டேன், தரவில்லை. "மெதுவா, வாந்தி வந்துடும்" என்றார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது.

எதிர்ப் பக்கம் கிணற்று மோட்டார் கொட்டகையும் ஒரு வீடும் இருந்தது. அங்கிருந்து ஒரு ஆயா விடுவிடுவென்று வந்தார். "இன்னாம்மா, மலைக்கிப் போறவங்களா? இங்க வந்து குந்துங்க, கயித்துக் கட்டில் கீது" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். மோட்டாரைப் போட்டார். கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுத்தார். குடிக்கக் குடிக்க எனக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. கூச்சத்தை விட்டு, "ஆயா, பாத்ரூம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். வீட்டுக்குப் பின்னால் கவர்ன்மெண்டு பணத்தில் கட்டின கழிப்பறை இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஆள் நுழைய இடமில்லை. விதை மல்லாட்டை மூட்டை இரண்டு, வரட்டி, ஒரு உடைந்த மண்வெட்டி. ஆயாவும் அவர் மருமகளுமாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டார்கள். "கட்டி நாலு வருஷம் ஆச்சி. இன்னிக்கித்தான் ஆளு நுழையுது" என்றார் ஆயா. அப்படியானால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். விடியறதுக்கு முன்னாடி கொல்லைக்கு, அப்புறம் இருட்டின பிறகு என்றார். நடுவில்? "நடுவுல தண்ணி குடிச்சாத்தானே" என்று மருமகள் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. கிணற்றடியிலேயே வாழ்கிறவள், அவளும் குடிப்பதில்லை!

பதிமூன்று பெண்களும் வரிசையாகப் போய் வந்தோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குழாயடிக்குப் போய்க் குடித்த தண்ணீரைப் பார்க்க வேண்டுமே! காலையில் அரை டம்ளர் காபியை மிச்சம் வைத்தவர்கள், கையைக் குவித்து வாய் எடுக்காமல் குடித்தார்கள். யாருக்கும் தாகம் இல்லாமல் இல்லை. அத்தனை பேரும் என்னைப் போலவேதான் நடந்திருக்கிறார்கள். விழுந்தது நான் ஒருத்தி, அவ்வளவுதான்.

மூன்று மணி வரை அங்கேயே படுத்திருந்தோம். கிளம்பும்போது பச்சரிசி, பருப்பு, பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் ஆயாவிடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று அடம். கடைசியில் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இரண்டு படி மல்லாட்டையை என் பையில் கொட்டினார். சுமை குறைந்த மாதிரியும் இல்லை, ஏறின மாதிரியும் இல்லை.

மிச்ச வழி சுகமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. இன்னொரு தொல்லை, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். பாவாடை புடவையோடு நாள் முழுக்க நடந்தால் இரண்டு தொடையும் உரசி, சாயங்காலத்துக்குள் தோல் உரிந்துவிடுகிறது. அக்கா கூட்டத்தில் எல்லாரும் உள்ளே முழங்கால் வரை பருத்திக் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் நாம் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதால்தான் ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் பட்டுத் தெரிந்துகொள்கிறோம். புதுச் செருப்பு போட்டு வந்த ஒருத்திக்குக் குதிகாலில் எலுமிச்சங்காய் அளவு கொப்புளம். பழைய செருப்புதான் நடைக்கு நல்லது.

ஐந்தரை மணிக்குச் சூரியன் இறங்கும்போது மலை முழுசாகத் தெரிந்தது. நெட்டுக்கு நின்றது. உச்சியில் மட்டும் வெளிச்சம், கீழே எல்லாம் நீலம். பெரியம்மா ரோட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் பாட்டிலைத் திறந்து குடித்தேன். இருட்டிய பிறகு ஏழரை மணிக்குத் தென்மாதிமங்கலம் போய்ச் சேர்ந்தோம். பொங்கல் வைக்க அரிசி இல்லையே என்று கவலைப்பட்டேன். அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டோம். மூணாவது வேளைக்கு மனுஷங்க இருக்காங்க என்று பெரியம்மா சொன்னது சரியாகப் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தரம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் கிரிவலம் முழுசும் சுற்றினேன். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஊருக்கு வந்த பிறகு எங்கள் பகுதி நர்ஸம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சிறுநீர் கெட்டியான மஞ்சளாகப் போனாலே உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தமாம், தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாதாம். பனிக்காலத்தில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சிலும் வியர்வையிலும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்குமாம். கண்ணளவில் உப்புப் போடாதே, கூடிப்போனால் கெடுதல் என்றார். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதுதான் அளவு. 1971-ல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகலனபிஸ் என்கிற கல்கத்தா டாக்டர் இந்த மாதிரி உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தே எத்தனையோ உயிரைக் காப்பாற்றினாராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட்டாகவே தருகிறார்கள். நாலு வாங்கி வைத்திருக்கிறேன். எடை ஒன்றுமே இல்லை.

இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, பக்கத்துச் சந்து வழியாகவே போகலாம், வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. அதற்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போட்டு, ஒரு பல்பும் போட்டேன். மகனின் பரீட்சை அட்டையில் அவன் கையாலேயே எழுத வைத்து வாசலில் கட்டினேன்: "நடந்து செல்லும் பெண்கள் கழிப்பறை உபயோகிக்கலாம். பக்கத்துச் சந்து." வீட்டுக்காரர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். "தெருவுல போறவங்க எல்லாம் வருவாங்க, திருட்டு பயம் வேற, தறியில பட்டு இருக்குது" என்றார். பட்டு வீட்டுக்குள் இருக்கிறது, கழிப்பறை வெளியே இருக்கிறது என்றேன். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். கழிப்பறைக்குப் போர்டு வைத்த வீடு என்று எங்கள் வீட்டுக்கு அடையாளமே வந்துவிட்டது. பரவாயில்லை.

பத்து நாள் ஒருவரும் வரவில்லை. தைப் பௌர்ணமிக்கு முதல் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு, தண்ணீர்ப் பானையை வாசலில் வைத்துக்கொண்டிருந்தேன். வேலூர்ப் பக்கமிருந்து நடந்து வந்த ஆறேழு பெண்கள் அட்டையின் முன்னால் நின்று, டார்ச் அடித்து, ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சந்து விளக்கைப் போட்டேன். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கடைசியாக வந்த ஒரு அம்மா, என் மாமியார் வயசு இருக்கும், கை கழுவிக்கொண்டு நேராகப் பானையண்டை வந்து சொம்பை எடுத்தார். ஒரு சொம்பு குடித்தார். "இன்னொண்ணு ஊத்தும்மா" என்றார்.

- ஒரு வாசகி, போளூர்.